பாடம் 6: உங்கள் படகுக்கு ஏற்ற டீசல் இயந்திரத்தைத் தெரிவுசெய்தல்

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்ளப்போவது:
• எந்தப் படகுக்கு டீசல் இயந்திரம் பொருந்தும், எதற்குப் பொருந்தாது
• எத்தனை குதிரைவலு போதுமானது
• புதிய இயந்திரம், லொறியிலிருந்து கழற்றிய இயந்திரம், பழைய இயந்திரம் ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு
• வாங்குவதற்கு முன் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

மீள்குடியேறிய கடற்றொழில் குடும்பம் ஒன்று முதலில் கேட்பது கூரை. அடுத்துக் கேட்பது படகு. படகு கிடைத்தாலும் இயந்திரம் இல்லாவிட்டால் அது கரையில் கிடக்கும் மரமோ பைபரோதான். வாழ்வாதார உதவியாகக் கிடைக்கும் பணமும், சங்கத்திலோ வங்கியிலோ எடுக்கும் கடனும், அடகு வைத்த நகையின் பணமும் பெரும்பாலும் இந்த ஒரு பொருளுக்கே போகின்றன. தவறான இயந்திரத்தை வாங்கினால் இரண்டாவது தடவை வாங்கப் பணம் இருக்காது. ஆகவே, அவசரப்படாமல் இந்தப் பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசியுங்கள். கடலுக்குப் போகிறவர் மட்டுமல்ல, வீட்டில் வரவு செலவு பார்ப்பவரும் சேர்ந்து வாசிப்பது நல்லது.

1. முதலில் துறையைப் பாருங்கள்

இயந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், உங்கள் படகு இரவில் எங்கே நிற்கும் என்று யோசியுங்கள்.

பெரும்பாலான குடும்பங்கள் பயன்படுத்துவது 18 அடி அளவிலான பைபர் படகு. இதற்கு மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டப்படுகிறது. இந்தப் படகு பாரம் குறைந்தது. நீரின் மேல் எழும்பி ஓடும். கரைக்கு வந்ததும் இயந்திரத்தைத் தூக்கிவிட்டுப் படகை மணலில் இழுத்து ஏற்றலாம். இப்படிப்பட்ட படகுக்குள் பாரமான டீசல் இயந்திரத்தை வைத்தால் படகு தாழ்ந்துவிடும், வேகமும் போய்விடும்.

டீசல் இயந்திரம் பொருந்துவது 28 அடி அளவிலான உள்ளிணைப்பு இயந்திரப் படகுக்கும் அதைவிடப் பெரிய படகுகளுக்கும் ஆகும். 1950களின் இறுதியில் இலங்கையில் மீன்பிடி இயந்திரமயமாக்கப்பட்டபோது வந்த ‘மூன்றரைத் தொன் வள்ளம்’ இந்த வகையைச் சேர்ந்தது. காரைநகரில் நோர்வே உதவியுடன் தொடங்கிய சீநோர் படகுத்துறையை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். இந்தப் படகில் இயந்திரம் உள்ளே இருக்கும். அதன் தண்டும் விசிறியும், அதாவது புரொப்பெல்லரும், படகின் அடியில் நிரந்தரமாக இருக்கும். அவற்றைத் தூக்க முடியாது. எனவே இந்தப் படகை மணலில் இழுத்து ஏற்றுவது கடினம். அதற்கு இறங்குதுறையோ, அலை அடங்கிய நங்கூரத் தரிப்போ வேண்டும்.

மயிலிட்டி மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய துறைமுகம் 2017 இல் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அங்கே உள்ளிணைப்புப் படகு கட்டி நிற்க இடம் உண்டு. முல்லைத்தீவின் திறந்த கடற்கரையில் நிலைமை வேறு. வாடைக்காற்றுக் காலத்தில் அங்கே படகை நீரில் விட்டுவைக்க முடியாது. குடாநாட்டின் களப்புப் பகுதிகளில் நீர் ஆழமில்லை. படகின் விசிறி சேற்றிலும் மணலிலும் முட்டும். உங்கள் ஊரில் உள்ளிணைப்புப் படகு வைத்திருப்பவர்கள் யாரும் இல்லையென்றால், ஏன் இல்லை என்று முதலில் கேளுங்கள். அதற்கு நல்ல காரணம் இருக்கலாம்.

2. எவ்வளவு வலு வேண்டும்?

‘பெரிய இயந்திரம் என்றால் வேகமாக ஓடும்’ என்று பலர் நினைக்கிறார்கள். பாரமான படகுக்கு இது உண்மையல்ல.

நீரை விலக்கிக்கொண்டு செல்லும் படகுக்கு இயல்பான வேக எல்லை ஒன்று உண்டு. படகு தான் எழுப்பிய அலையையே ஏறிக் கடக்க முடியாமல் போவதுதான் அந்த எல்லை. அதைக் கணக்கிடும் முறை எளிது. படகின் நீர்மட்டக் கோட்டின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்குங்கள். நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் வர்க்கமூலம் 5. எனவே, 5 × 1.34 = 6.7 கடல்மைல். இது மணிக்கு ஏறக்குறைய 12 கிலோமீற்றர். இந்தப் படகில் 30 குதிரைவலுவைக் கழற்றிவிட்டு 60 குதிரைவலுவை வைத்தாலும் படகு சிறிதளவே கூட ஓடும். டீசல் மட்டும் இரட்டிப்பாகும்.

பாரத்தைக் கொண்டும் கணக்கிடலாம். படகு, இயந்திரம், வலை, ஐஸ், எரிபொருள், ஆட்கள், மீன் எல்லாம் சேர்ந்த மொத்த எடையில் 1 தொன்னுக்கு 4 முதல் 5 குதிரைவலு போதும். மொத்த எடை 5 தொன் என்றால் 20 முதல் 25 குதிரைவலு. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிரே வருவதற்குச் சிறிது கூடுதலாக வைத்தால், 30 குதிரைவலு இயந்திரம் அந்தப் படகுக்குத் தாராளமாகப் போதும்.

யுத்த காலத்தில் இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு இருந்தது. அந்தக் கட்டுப்பாடு நீங்கிய பின்னர் ‘இனி எவ்வளவு பெரியதும் வாங்கலாம்’ என்ற எண்ணம் வருவது இயல்பு. வாங்கலாம்தான். ஆனால் அதற்குத் தினமும் டீசல் ஊற்றப்போவது நீங்கள்.

பெரிய இயந்திரம் வாங்கி இழுவை மடித் தொழிலுக்குப் போகலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால், ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். கடலின் அடித்தளத்தை வாரும் இழுவை மடித் தொழில் 2017 இல் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டுள்ளது. தடைசெய்யப்பட்ட தொழிலை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

3. டீசல் கணக்கு

டீசல் இயந்திரம் 1 குதிரைவலுவை 1 மணி நேரம் கொடுப்பதற்கு ஏறக்குறைய கால் லீற்றர் டீசல் எடுக்கும். அதே வலுவுக்கு இருவீச்சு வெளியிணைப்பு இயந்திரம் இதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ எரிபொருள் எடுக்கும். தூரத் தொழிலுக்கு டீசல் இலாபமாக இருப்பது இதனால்தான்.

ஆனால் அந்த இலாபம் ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். உங்கள் மீன்பிடித் தலம் கரையிலிருந்து 20 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. இயந்திரம் 30 குதிரைவலு.

முழு வேகத்தில் ஓடினால்: மணிக்கு 12 கிலோமீற்றர் வேகம். போக 1 மணி 40 நிமிடம். மணிக்கு 7.5 லீற்றர் வீதம் 12.5 லீற்றர் டீசல். போய்வர 25 லீற்றர்.

வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால்: மணிக்கு 9.6 கிலோமீற்றர் வேகம். போக 2 மணி 5 நிமிடம். இந்த வேகத்துக்குத் தேவைப்படும் வலு பாதியாகக் குறைந்துவிடும். எனவே மணிக்கு 3.75 லீற்றர் வீதம் ஏறக்குறைய 7.8 லீற்றர். போய்வர 15.6 லீற்றர்.

போய்வர 50 நிமிடம் கூடுதலாகச் செலவாகிறது. 9 லீற்றருக்கு மேல் மிச்சமாகிறது. மாதத்தில் 20 நாள் தொழிலுக்குப் போனால் 180 லீற்றருக்கு மேல். இன்றைய விலையால் அதைப் பெருக்கிப் பாருங்கள். கடன் தவணையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

4. மூன்று வகை இயந்திரங்கள்

அ) கடலுக்கென்றே செய்த புதிய இயந்திரம். விலை கூடியது. ஆனால் உப்பு நீருக்கு ஏற்ற குளிரூட்டல், கடல் கியர்பெட்டி, உத்தரவாதம் எல்லாம் சேர்ந்து வரும். மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டது.

ஆ) லொறி அல்லது வானிலிருந்து கழற்றிக் கடலுக்கு மாற்றிய இயந்திரம். விலை குறைவு. உதிரிப்பாகம் நகரக் கடைகளிலேயே கிடைக்கும். ஆனால் வீதியில் ஓடும் இயந்திரம் ஏற்றத்தில் மட்டும்தான் கஷ்டப்படும், இறக்கத்தில் ஓய்வெடுக்கும். கடலில் இறக்கம் என்று ஒன்று இல்லை. போகும் வழி முழுவதும் ஏற்றம்தான். ஆகவே வாகன இயந்திரத்தில் எழுதியிருக்கும் குதிரைவலுவை அப்படியே நம்ப வேண்டாம். அது 4000 சுற்றில் கிடைக்கும் வலுவாக இருக்கும். படகில் நாள் முழுவதும் அந்தச் சுற்றில் ஓட்டினால் இயந்திரம் நீடிக்காது. அதைக் குறைந்த சுற்றில் ஓட்டும் வகையில் கியரும் விசிறியும் பொருத்த வேண்டும்.

இ) விவசாய இயந்திரம். இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் போன்றவை. களப்பிலும் கரையோரத்திலும் சிறு வள்ளத்துக்கு உதவும். ஆழ்கடலுக்கு இதை நம்பிப் போக வேண்டாம்.

எந்த வகையானாலும் பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

குளிரூட்டல்: கடல்நீரை நேரடியாக இயந்திரத்துக்குள் ஓடவிடும் முறை மலிவானது. ஆனால் உப்புப் படிந்து, துருப்பிடித்து உள்ளே அடைக்கும். இயந்திரத்துக்குள் நன்னீர் ஓட, வெளியே கடல்நீர் அதைக் குளிரவைக்கும் கூலர் முறை நல்லது. படகின் அடியில் குழாய் பொருத்தி, நன்னீரை அதற்குள் சுற்றவிட்டுக் குளிரவைக்கும் முறையும் உண்டு. களப்பிலும் ஆழம் குறைந்த இடங்களிலும் இந்த மூன்றாவது முறை மிகவும் பொருத்தம். ஏனெனில் குளிரூட்டலுக்காக மணலையும் சேற்றையும் உறிஞ்ச வேண்டியதில்லை.

டேர்போவும் மின்னணுக் கட்டுப்பாடும்: டேர்போ இல்லாத, சாதாரண எரிபொருள் பம்பியுடன் கூடிய இயந்திரத்தையே தெரிவுசெய்யுங்கள். மின்னணுப் பெட்டியில் உப்பு ஈரம் பட்டுவிட்டால் ஊர் மெக்கானிக்கால் எதுவும் செய்ய முடியாது.

கியரும் விசிறியும்: மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறி, வேகமாகச் சுற்றும் சிறிய விசிறியைவிடக் குறைந்த டீசலில் கூடுதலாகத் தள்ளும். இயந்திரம் 2400 சுற்றில் ஓடும்போது 2க்கு 1 கியர் என்றால் விசிறி 1200 சுற்று. 3க்கு 1 என்றால் 800 சுற்று. படகின் அடியில் இடம் இருந்தால் இரண்டாவதே சிக்கனமானது.

உதிரிப்பாகம்: நல்ல இயந்திரம் என்பது உங்கள் ஊரில் பழுதுபார்க்கக்கூடிய இயந்திரம். உங்கள் துறையில் கூடுதலாக உள்ள வகை எது, அதற்கு வேலை செய்யத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டறியுங்கள்.

5. பழைய இயந்திரம் வாங்கும்போது

பார்க்கப் போகிற நாளில் விடியப் போங்கள். விற்பவர் முன்கூட்டியே இயந்திரத்தைச் சூடாக்கி வைத்திருக்கக் கூடாது. கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் சிரமமின்றி இயங்க ஆரம்பிக்கிறதா என்பதே முதல் சோதனை.

ஒயில்: அளவுக்கோலை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறமாக இருந்தால் உள்ளே நீர் கலந்திருக்கிறது. வாங்க வேண்டாம்.

புகை: ஆரம்பத்தில் சிறிது புகை வருவது வழமை. சூடான பின்னும் நீலப்புகை வந்தால் ஒயில் எரிகிறது, உள்ளே தேய்ந்துவிட்டது. கரும்புகை என்றால் இயந்திரத்துக்குப் பாரம் கூட, அல்லது காற்றுப் போதாது, அல்லது எரிபொருள் தெளிப்பு சரியில்லை. வெண்புகை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது சிலிண்டருக்குள் நீர் போகிறது.

மூச்சு: இயந்திரம் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கிருந்து புகை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது.

கடல் ஓட்டம்: கரையில் நிறுத்தி உறுமவிட்டுப் பார்ப்பது சோதனை அல்ல. பாரத்துடன் கடலில் குறைந்தது 1 மணி நேரம் ஓடுங்கள். முழு வேகத்தில், இயந்திரத்துக்குக் குறித்துள்ள சுற்றை எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாமல் கரும்புகை கக்கினால் விசிறி பெரிது. குறித்த சுற்றைத் தாண்டி ஓடினால் விசிறி சிறிது. வெப்பமானியைப் பாருங்கள். திரும்பி வந்தபின் ஒயிலை மறுபடியும் பாருங்கள்.

பத்திரம்: இயந்திர இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாத இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். அதற்கு உரியவர், உங்களைப்போல எல்லாவற்றையும் விட்டு ஓடிய இன்னொரு குடும்பமாக இருக்கலாம்.

6. விட்டுச் சென்ற இயந்திரம் திரும்பக் கிடைத்தால்

இடம்பெயரும்போது மூடி வைத்த அல்லது புதைத்து வைத்த இயந்திரம் சிலருக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. உடனே இயக்கிப் பார்க்கும் ஆவல் வரும். அப்படிச் செய்ய வேண்டாம். இறுகிய இயந்திரத்தைப் பலவந்தமாகச் சுற்றினால் மிச்சம் இருப்பதும் உடையும்.

தெளிப்பான்களைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து சிறிது ஊற்றுங்கள். சில நாட்கள் ஊறவிடுங்கள். பிறகு கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சுற்றினால், எல்லா ஒயிலையும் வடிகட்டிகளையும் மாற்றிவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். உள்ளே கடல்நீர் போய்ப் பல வருடங்கள் கிடந்திருந்தால் பெரும்பாலும் திருத்துவது பயனில்லை. திருத்தும் செலவை முதலில் எழுத்தில் கேளுங்கள். அது ஒரு நல்ல பழைய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். அப்பா வாங்கிய இயந்திரம் என்ற மனக்கஷ்டம் எல்லோருக்கும் விளங்கும். ஆனாலும் அதன்மேல் கடன் எடுக்கக் கூடாது.

7. விலைக்கு வெளியே உள்ள செலவுகள்

கடைக்காரர் சொல்லும் விலை இயந்திரத்தின் விலை மட்டுமே. கடலில் ஓடவைக்க இவையும் வேண்டும்: கியர்பெட்டி, தண்டு, விசிறி, இயந்திரத்தைத் தாங்கும் பலமான தளம், புகைக்குழாய், நீரைப் பிரிக்கும் டீசல் வடிகட்டி, பற்றறி, பொருத்தும் கூலி. ‘ஓடும் நிலையில் மொத்தம் எவ்வளவு?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டுத் தண்டு வாங்கக் காசில்லாமல் நிற்க வேண்டாம்.

பொருத்தும்போது இயந்திரமும் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது முக்கியம். சிறிது விலகினாலும் அதிரும், தாங்கி தேயும், நீர் உள்ளே வரும். படகைத் தரையில் வைத்துச் சரிபார்த்த பின், நீரில் இறக்கி மீண்டும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். இயந்திரப் பெட்டிக்குக் காற்று வர வழி வேண்டும். மூச்சடைத்த இயந்திரம் சூடாகும், புகைக்கும், கூட டீசல் குடிக்கும்.

8. கடலில் நின்றுவிட்டால்

டீசல் இயந்திரம் கடலில் நின்றுபோவதற்கு மிகப் பொதுவான காரணம் அழுக்கு டீசலும் டீசலில் கலந்த நீரும்தான். கானிலிருந்து ஊற்றும்போது எப்போதும் துணி வைத்து வடித்து ஊற்றுங்கள். வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரைப் புறப்படுவதற்கு முன் திறந்துவிடுங்கள்.

பாக்கு நீரிணையில் இயந்திரம் நின்றால் ஆபத்து அலை மட்டுமல்ல. 1974 இலும் 1976 இலும் செய்த ஒப்பந்தங்களால் வகுக்கப்பட்ட கடல் எல்லை அங்கே இருக்கிறது. நீரோட்டம் படகை எல்லைக்கு அப்பால் கொண்டுபோனால், தொழிலுக்குப் போனவர் தடுப்பில் இருக்க நேரிடும். ஆகவே படகில் எப்போதும் இவை இருக்கட்டும்: நீளமான கயிற்றுடன் நங்கூரம், உதிரிப் பெல்ற், நீர்ப்பம்பியின் உதிரி றப்பர் விசிறி, உதிரி டீசல் வடிகட்டி, சாவிகள், சிறு பாய் அல்லது துடுப்பு, உயிர்காப்பு அங்கி, உறையில் இட்ட கைத்தொலைபேசி, குடிநீர்.

9. படகு உங்களுடையது, கடலுக்குப் போவது வேறொருவர் என்றால்

கணவரை இழந்த பல பெண்கள் படகின் உரிமையாளர்களாக இருக்கிறார்கள். படகை உறவினரோ அயலவரோ பங்குக்கு ஓட்டுகிறார். இயந்திரம் பற்றி ஆண்கள்தான் பேச வேண்டும் என்றில்லை. கடன் உங்கள் பெயரில் இருந்தால் கேள்வி கேட்கும் உரிமையும் உங்களுடையது. ஒரு கொப்பி வைத்திருங்கள். ஒவ்வொரு நாளும் ஊற்றிய டீசல், ஓடிய மணி நேரம், சேர்த்த ஒயில், பிடித்த மீன் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரே தூரத்துக்குத் திடீரெனக் கூட டீசல் போனால் இயந்திரத்தில் ஏதோ பழுது தொடங்கியிருக்கிறது, அல்லது கணக்கில் ஏதோ பிழை இருக்கிறது. இரண்டையும் அந்தக் கொப்பி காட்டும். பங்கு பிரிப்பதற்கு முன் இயந்திரத்துக்கென ஒரு சிறு தொகையை எடுத்து வைக்கும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே பேசி முடிவுசெய்யுங்கள்.

பல குடும்பங்கள் சேர்ந்து வாங்குவதென்றால், பழுது வந்தால் யார் செலவு செய்வது, ஒருவர் விலகினால் அவருடைய பங்கு என்ன என்பதை வாங்குவதற்கு முன்பே எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்.

குடும்பமாக இருந்து பேசிப் பாருங்கள்

1. நமது படகு இரவில் எங்கே நிற்கும்? வாடைக் காலத்தில் எங்கே நிற்கும்?
2. நாம் போகும் தூரம் எவ்வளவு? மாதத்தில் எத்தனை நாள்?
3. மேலே காட்டிய முறையில் நமது டீசல் செலவு எவ்வளவு வரும்?
4. இயந்திரம் ஒரு மாதம் பழுதாகி நின்றால் தவணையை எப்படிக் கட்டுவோம்?
5. நமது ஊரில் இந்த இயந்திரத்தைத் திருத்தத் தெரிந்தவர் யார்?

நான்காவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை கடன் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். சிறிய இயந்திரத்துடன் தொடங்கி, கடனை அடைத்த பின் பெரியதுக்கு மாறலாம். படகுப் பதிவு, தொழில் அனுமதிப்பத்திரம் ஆகியவை பற்றி உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் கேட்டறிந்துகொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் இயந்திரத்தைப் பார்க்கப் போகும்போது இந்தப் பக்கங்களையும் கையில் கொண்டுபோங்கள்.